கப்பலூர்ப் பக்கத்துப் பாடி பட்டறை: வேலை நேர்த்தி, ரசீதுதான் குறை

உசிலம்பட்டிப் பக்கமிருந்து மாட்டுத்தாவணிக்குக் காய்கறி ஏற்றி வரும் எங்கள் வீட்டு பிக்கப்பை, திருமங்கலம் சாலையில் கப்பலூரை ஒட்டியிருக்கும் ஒரு பாடி கட்டும் பட்டறையில் விட்டிருந்தோம். முன்புறத்திற்கு இரும்புத் தடுப்புக் கம்பி (கார்டு), பின் ஸ்பிரிங்கிற்குக் கூடுதல் பட்டை, தார்ப்பாய் போடக் குழாய்ச் சட்டம், பின்தளத்தில் லோடு இறக்க வெளிச்சம் என நான்கு வேலைகளைக் கேட்டோம். முதல் இரண்டையும் செய்ய மறுத்துவிட்டார்கள். பட்டறையைப் பற்றி எனக்கு மதிப்பு வந்ததே அந்த மறுப்பால்தான்.

கார்டைப் பற்றிய பேச்சு சுருக்கமாக முடிந்தது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே வண்டியில் அனுமதியில்லாமல் மாற்றம் செய்வதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, இத்தகைய கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டு நசுங்க வேண்டிய முன்பகுதியை நசுங்கவிடாமல் அந்த விசையை நேராக வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குக் கடத்துவதும், ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது விரிய வேண்டிய நேரத்தைக் குழப்பக்கூடியதும், குறுக்கே வரும் பாதசாரிக்கு அடியைக் கடுமையாக்குவதும் இந்தக் கார்டின் குணங்கள். எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்குப் போகுமுன் கழற்றி, வந்ததும் மாட்டிக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் உண்டு என்று நாங்கள் இழுத்தபோது, உரிமையாளர், "அண்ணே, எஃப்சிக்கு ஒரு நாள் கழட்டலாம், ரோட்டுல மிச்ச நாளெல்லாம் மாட்டித்தானே ஓடும்?" என்று கேட்டார். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் 4ஆவது உட்பிரிவு சொல்கிறது. அது பொறுப்பாக்குவது வண்டியின் உரிமையாளரை. எனவே 'பட்டறைக்காரர்தான் மாட்டினார்' என்ற சமாதானம் நமக்கு உதவாது.

ஸ்பிரிங் பட்டை விஷயத்தில்தான் அவர்களுடைய அனுபவம் தெரிந்தது. பட்டறையின் மூத்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்குப் போகும் மெல்லிய கம்பியையும், அது இணையும் சிறிய வால்வின் நெம்புகோலையும் விரலால் அசைத்துக் காட்டினார். லோடு ஏறி வண்டி தாழும்போது அந்த நெம்புகோல் நகர்ந்து, பின் சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டுகிறது; வண்டி காலியாக இருக்கும்போது பின் சக்கரம் இறுகிச் சறுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கிறது. கூடுதல் பட்டை போட்டால் முழு லோடிலும் வண்டி தாழாது. வண்டி காலியாகவே இருக்கிறது என்பதுபோல வால்வு நடந்துகொள்ளும், பின் பிரேக் வலுவிழக்கும், நிற்க வேண்டிய தூரம் நீளும். போதாக்குறைக்கு, பட்டையைக் கூட்டுவதால் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) எழுதியிருக்கும் மொத்த எடை வரம்பு ஒரு கிலோகூட உயராது. ஆக்ஸிலும் டயரும் பிரேக்கும் பழையவைதாமே. வரம்பை மீறி ஏற்றினால் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் கட்ட வேண்டும். இத்தனையும் சொன்னவர்கள், ஸ்பிரிங்கின் முனையை சேஸிஸோடு இணைக்கும் இடத்தில் தேய்ந்திருந்த ஷேக்கிள் புஷ்களை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது அதோடு சரியாகிவிட்டது.

குழாய்ச் சட்டத்தின் வேலை நேர்த்தி. சேஸிஸில் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ இல்லை. பின்தளத்தில் ஏற்கெனவே இருந்த கொக்கிகளின் இடத்தில் போல்ட் வைத்து, கழற்றி எடுக்கும்படி பொருத்தியிருக்கிறார்கள். வண்டியின் மேலேயே ஒரு மூலையை வெல்டிங் செய்ய நேர்ந்தபோது, பேட்டரி முனைகளைக் கழற்றிய பிறகே தொடங்கினார்கள். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கெடாமலிருக்க இது அவசியம். ஒரு குறை: சட்டத்தின் கீழ்க்குழாய் பின்கதவின் சிவப்பு ஒளிர்பட்டையை மறைத்தது. சொன்னதும் வேறிடத்தில் புதிதாக ஒட்டினார்கள். சொல்லாமலே கவனித்திருக்க வேண்டும். விளக்கு வயரிங்கில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் என எல்லாம் முறையாக இருக்கின்றன.

எனக்கு உண்மையான மனத்தாங்கல் ரசீதில்தான். 'பாடி வேலை' என்று ஒரே வரியில் எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார்கள். எந்த இரும்பு, எவ்வளவு எடை, எங்கே பொருத்தியது என எதுவும் இல்லை. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தையே மோட்டார் வாகனச் சட்டம் 'மாற்றம்' என்கிறது. கழற்றக்கூடிய இந்தக் குழாய்ச் சட்டம் அதில் அடங்குமா என்று மோட்டார் வாகன ஆய்வாளரிடம் கேட்கப் போனாலும், விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் கேட்டாலும், காட்டுவதற்கு இந்தத் தாள்தான் இருக்கும். கடனில் ஓடும் வண்டி என்றால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். அதைப் பற்றி இவர்கள் வாயே திறக்கவில்லை.

வற்புறுத்திய பிறகு விவரமாக இரண்டாவது ரசீது எழுதித் தந்தார்கள். எடை அதிலும் இல்லாததால், காலி வண்டியை எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி, ஆர்சியிலுள்ள காலி எடையைவிடக் கூடியிருந்ததை ஏற்றும் லோடிலிருந்து கழித்துக்கொண்டோம். கூலி மற்ற பட்டறைகளைவிடச் சற்று அதிகம். தரத்திற்கு அது தகும். வண்டியை விடுமுன்பே ரசீதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.