இரண்டு மோட்டார் உள்ள மின்சார சைக்கிள்: கன்ட்ரோலர் ஒரு பெட்டியா, இரண்டு பெட்டியா?

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் கிணற்றடியிலிருந்து கொட்டகைக்கு ஏறும் பாதை முழுக்கச் செம்மண். மழை பெய்த மறுநாள் இரண்டு மூட்டைத் தேங்காயோடு ஏறினால், மின்சார சைக்கிளின் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால்தான் முன்சக்கரத்திலும் சக்கரத்தின் நடுவிலேயே அமரும் 350 வாட் ஹப் மோட்டார் ஒன்றைப் பூட்டினேன். பதிவு இல்லாமல் சாலையில் ஓட்ட மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்; ஆகவே இந்த வண்டி தோப்பைத் தாண்டுவதில்லை.

மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டிதான் கன்ட்ரோலர். சாதாரண கன்ட்ரோலர் ஒன்றிலேயே இரண்டு மோட்டாரையும் இணைக்க முடியாதா? பிரஷ் (சுழலும் சுருளுக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) உள்ள பழைய வகைக்கு முடியும். பிரஷ் இல்லாத ஹப் மோட்டாருக்கு முடியாது. காந்தம் எங்கே நிற்கிறது என்று ஹால் சென்சார்கள் சொன்ன பிறகுதான் கன்ட்ரோலர் அடுத்த சுருளுக்கு மின்சாரம் விடும். வளைவில் முன்சக்கரம் கூடுதல் தூரம் உருள்வதால், இரண்டு மோட்டாரின் காந்தங்களும் ஒத்து நிற்பதே இல்லை.

மிஞ்சுவது இரண்டு வழி. இரண்டு கன்ட்ரோலரையும் உள்ளடக்கிய ஒரே பெட்டி. அல்லது ஒரே த்ராட்டிலில் (ஆக்சிலரேட்டரில்) ஓடும் இரண்டு தனிப் பெட்டிகள்.

ஒற்றைப் பெட்டியை நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு வாரம்தான் ஓட்டினேன். கம்பி குறைவு, பார்க்க அழகு, எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. பிறகு அவரிடம் ஒரு மோட்டாரின் பக்கத்து மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பாகம்) எரிந்தது. பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. அதன் டிஸ்ப்ளே பிளக் வேறெதிலும் பொருந்தாததால், அதே வகைப் பெட்டி வந்து சேரும்வரை வண்டி முடங்கிக் கிடந்தது.

எனக்கு முடிவைச் சொன்னது அதுதான். சாதாரண 48 வோல்ட் கன்ட்ரோலர் காரைக்குடியில் மெக்கானிக்கிடமே கிடைக்கிறது. ஒன்று போனாலும் மற்றது வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிடும். காய்ந்த தரையில் முன்பெட்டியை உயிர்ப்பிக்கும் சாவிக் கம்பியில் போட்ட சிறு சுவிட்சை அணைத்துவிட்டுப் பின்மோட்டாரில் மட்டும் போகிறேன், பேட்டரியும் மிச்சம்.

ஆனால் கம்பி இணைப்பில் கவனம் வேண்டும். வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் கறைபடாமல் சாக்கு விரித்து, வண்டியைக் கவிழ்த்துப் போட்டு நானே இணைத்தேன். த்ராட்டிலின் சிக்னல் கம்பி இரண்டு பெட்டிக்கும் போகலாம். சிவப்பு 5 வோல்ட் கம்பி ஒன்றுக்கு மட்டுமே போக வேண்டும். நான் பின்பெட்டியிலிருந்து எடுத்தேன். அது செத்தால் முன்பெட்டிக்கு மாற்றிக்கொள்ள ஒரு இருவழிச் சுவிட்ச் உண்டு.

நான் தவறியது த்ராட்டிலின் கறுப்பு நெகட்டிவ் கம்பியில். மூன்றாம் நாள் ஏற்றத்தில் புகை வந்தது. அலைபேசியில் சொன்னதுமே மெக்கானிக் அண்ணன், "தம்பி, த்ராட்டில் கறுப்பை இரண்டு பெட்டியிலும் சேர்த்துவிட்டாயா?" என்று கேட்டார். சேர்த்திருந்தேன். முன்பெட்டியின் தடித்த நெகட்டிவ் கம்பி போல்ட்டில் தளர்ந்திருந்ததால், மோட்டாரின் முழு மின்னோட்டமும் நூல் போன்ற அந்தக் கறுப்புக் கம்பி வழியே திரும்பியிருக்கிறது. மேலுறை உருகிச் செம்பு வெளியே தெரிந்தது.

இப்போது இரண்டு தடித்த நெகட்டிவும் பேட்டரி அருகே ஒரே போல்ட்டில், ஸ்பிரிங் வாஷரோடு இறுகியிருக்கின்றன. கறுப்பும் சிவப்பைப் போலவே அந்த இருவழிச் சுவிட்ச் வழியாக ஒரு பெட்டிக்கு மட்டும் போகிறது. பெட்டிக்கு 15 ஆம்பியர் வீதம் 30 ஆம்பியர் இழுக்கும் என்பதால், 40 ஆம்பியர் தாங்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) உள்ள பேட்டரியாக மாற்றிவிட்டேன்.