240 பவுண்டு போனது: பழைய ஸ்பெக்ட்ரம் வாங்குவோர் கவனத்திற்கு

பழம்பொருள்களை ஏலத்தில் விற்கும் ஓர் இணையச் சந்தையில் நேற்று வரை நம்பிக்கை வைத்திருந்தேன். 48 கிலோபைட் நினைவகம் கொண்ட சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய பிரிட்டிஷ் வீட்டுக் கணினி, கூடவே அதன் விளையாட்டுகளைப் பற்றிய 'கிராஷ்' பத்திரிகையின் 1984 பிப்ரவரி முதல் இதழ் என்ற விளம்பரத்தைப் பார்த்து 240 பவுண்டு கட்டினேன். வந்தவை இரண்டும் வேறு.

1982இல் 16 கிலோபைட் ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டுக்கும் 48 கிலோபைட் 175 பவுண்டுக்கும் விற்றன. வெளியிலிருந்து பார்த்தால் அதே ரப்பர் விசைகள், மின்சாரம் கொடுத்தால் திரையின் அடியில் அதே சின்க்ளேர் ரிசர்ச் பதிப்புரிமை வாசகம். அந்த வாசகம் தெரியும் படத்தைத்தான் விற்றவர் அனுப்பினார். அப்பா பரணில் பத்திரமாக வைத்திருந்தது, அருமை தெரிந்தவர் கைக்குப் போக வேண்டும் என்று அவர் உருகி எழுதியதைப் படித்தவர் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

நினைவகத்தின் கடைசி முகவரியைக் காட்டும் 'பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733' என்ற கட்டளையைக் கொடுத்தால் 48 கிலோபைட் கணினியில் 65535 வர வேண்டும், 32767 வந்தது. அது 16 கிலோபைட்டுக்குரிய எண். தபாலில் சில்லு கெட்டிருக்கும் என்றார் விற்ற மனிதர். மேல் நினைவகம் கெட்டாலும் இதே எண் வரக்கூடும் என்பதால் அடித் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். கூடுதல் நினைவகச் சில்லுகளைச் செருகும் எட்டு இடங்களும் காலி, பழைய தூசி வேறு. இல்லாத சில்லு தபாலில் எப்படிக் கெடும்?

இதழ் அதைவிட மோசம். இங்கிலாந்தின் லட்லோ நகரிலிருந்து வெளியான அசலை யாரோ ஸ்கேன் செய்து வழவழப்பான தாளில் அச்சடித்திருக்கிறார்கள். நடுமடிப்பில் ஸ்டேப்பிள் பின்னின் துருக்கறைகூட அச்சாகியிருக்கிறது. விரலால் தடவினால் பின் தட்டுப்படவில்லை.

சந்தையிடம் முறையிட்டபோது, கணினி இயங்குகிறது, ஆகவே விளம்பரத்தில் சொன்னபடியே உள்ளது என்று தானியங்கிப் பதில் வந்தது. பிறகு, பழைய பொருள்களின் நிலை முன்பின் இருக்கும் என்றார்கள். கடைசியில், கணினியைத் திறந்துவிட்டதால் பணம் திரும்பாது என்று கூறிப் புகாரையே மூடிவிட்டார்கள். திறக்காமல் உள்ளே காலி என்று எப்படிக் காட்டுவதாம்? 240 பவுண்டு! அந்த 1982இல் புத்தம் புதிய 48 கிலோபைட் கணினியே வாங்கி 65 பவுண்டு மிச்சம் பிடித்திருக்கலாம்.

வாங்குவோர் மேற்சொன்ன பீக் கட்டளைக்கு 65535 என விடை தெரியும் படத்தைக் கேளுங்கள். இதழென்றால் நடுப்பக்கப் பின்னை நெருக்கத்தில் எடுத்த படம் கேளுங்கள். 'இயங்குகிறது' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பணம் அனுப்பாதீர்கள். விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். 240 பவுண்டை நினைத்தால் கை ஓடவில்லை.