காகித மாமரமா, ஆரஞ்சுச் சுளையா?

சேலத்தில் கோடை வந்தால் வீடெல்லாம் மாம்பழ வாசம். ஏற்காடு போய் வந்தால் பையில் ஆரஞ்சு. எண் பழக்க இரண்டையும் காகிதத்தில் செய்து பார்த்தேன். என் பிள்ளைகளுக்கு 3 வயது, 5 வயது.

மாமரம் சுலபம். சார்ட்டில் மரம் வெட்டிச் சுவரில் ஒட்டி, மஞ்சள் காகிதப் பழங்களை டேப்பால் லேசாகத் தொங்கவிட்டால் போதும். மல்கோவாவை உருண்டையாகவும் கிளிமூக்கை வளைந்த நுனியோடும் வெட்டினால் வகை பிரிக்கவும் உதவும். பகடையில் நாலு விழுந்தால் நாலு பழம் பறிக்கணும். சின்னவளுக்கு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய் ஓடும், விரல் முதல் பழத்திலேயே நிற்கும். ஒவ்வொன்றாகப் பறித்துக் கூடையில் போட்ட பிறகுதான் ஒரு எண்ணுக்கு ஒரு பழம் என்பது பிடிபட்டது.

ஆரஞ்சுக்கு டம்ளரைக் கவிழ்த்து 5 வட்டம் வரைந்து, பாதிப் பாதியாக வெட்டினால் 10 சுளை. நிஜப் பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏழு சுளையைத் தட்டில் வைத்து மற்றதை உள்ளங்கையில் மறைத்து, "ஒளிச்சது எத்தனை?" என்று கேட்பேன். முதலில் பெரியவன் விரல் விட்டான். பிறகு பார்த்ததுமே "மூணு" என்றான். எட்டும் ஐந்தும் கூட்டும்போது, ஐந்தில் இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்க இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கிறது.

நாலு வயதுக்குள் என்றால் மாமரம்தான், சந்தேகமே இல்லை. யுகேஜி பிள்ளைக்கு ஆரஞ்சு. விளையாட்டு முடிந்ததும் நிஜப் பழத்தை உரித்து எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒருநாள் பதினொன்று வந்தது, இருவரும் குதித்தார்கள்.