நாலு வருட லிங்க்ட்இன் அனுபவம்: கனெக்‌ஷன் ரிக்வெஸ்டில் என்ன எழுதலாம்

கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். லிங்க்ட்இனில் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. முதல் வருடம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகனத் தொழிலில் இருக்கும் யாரைக் கண்டாலும் கனெக்ட் அழுத்தினேன். பாதிப் பேர் கண்டுகொள்ளவில்லை. ஏற்றுக்கொண்டவர்களிடமும் பேச எதுவும் இல்லை. அப்புறம் ரிக்வெஸ்டோடு சேர்த்து அனுப்பும் சிறு செய்தி, அதாவது நோட், எழுதினேன்: “ரெஸ்யூம் அனுப்பட்டுமா சார்?” அதற்கும் பதில் இல்லை. முகம் தெரியாதவர் வந்ததும் வராததுமாக உதவி கேட்டால் யாருக்கும் தயக்கம் இருக்கும்தானே.

ஒரு நாள் வேலையில் வந்த சந்தேகம்தான் வழி காட்டியது. சென்னையில் இருக்கும் ஒரு மூத்த இன்ஜினியர் நாங்கள் செய்யும் ‘கம்ப்ரெஷன் செட்’ சோதனை பற்றியே பதிவு போட்டிருந்தார். ரப்பரைக் கிளாம்பில் அழுத்தி ஓவனில் சூடாக்கி, விட்ட பிறகு பழைய தடிமனுக்கு எவ்வளவு திரும்பவில்லை என்று பார்ப்பது அது. அவருக்கு இப்படி எழுதினேன்:

“சார், கம்ப்ரெஷன் செட் பற்றிய உங்கள் பதிவு படித்தேன். நான் கப்பலூரில் ரப்பர் கேஸ்கட் சோதனையில் இருக்கிறேன். ஓவனிலிருந்து எடுத்ததும் பீஸைக் கழற்றி ஆறவிடுவீர்களா, கிளாம்பிலேயேவா?”

அன்று இரவே ஏற்றுக்கொண்டு பதிலும் போட்டார்: “கழற்றித்தான். ஆனால் கஸ்டமர் டிராயிங்கில் வேறு மாதிரி கேட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.” எடுத்துப் பார்த்தேன். கேட்டிருந்தார்கள். ஒரு வாரமாக ரீடிங் ஒத்துப்போகாத காரணம் அதுதான். அவரோடு இன்றும் பேச்சு இருக்கிறது, நான் வேலை கேட்டதே இல்லை.

அந்த நோட்டில் மூன்றே விஷயம்: அவருடைய எதைப் பார்த்தேன், நான் யார், ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. அதற்குப் பிறகு அனுப்பிய எல்லாமே இந்த அளவில்தான். எல்லோரும் பதில் போட்டுவிடவில்லை. ஆனால் போட்டவர்களிடம் பேச்சு தொடர்ந்தது.

இலவசக் கணக்கில் நோட்டுக்கு 200 எழுத்துதான் இடம், மாதத்துக்குச் சில நோட்டுகள்தான் அனுப்ப முடியும். அதனால் யாருக்கு என்று யோசித்துத்தான் செலவழிக்கிறேன். தமிழில் எழுதினால் இன்னொன்றும் உண்டு. ‘மதுரை’ நமக்கு மூன்று எழுத்து. லிங்க்ட்இனில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு என்பதால் ஐந்து. மேலே உள்ள நோட்டே 170-ஐத் தாண்டும். வணக்கம், நலமா எல்லாம் வைக்க இடமில்லை. “சார்” போதும், மரியாதை அதிலேயே வந்துவிடுகிறது.

போனில் ஒரு எச்சரிக்கை. பரிந்துரைப் பட்டியலில் கனெக்ட் தொட்டால் நோட் கேட்காமலே போய்விடும். அவருடைய புரொஃபைலுக்குள் போய், அங்கிருந்து நோட் சேர்த்து அனுப்புங்கள். தவறிப் போய்விட்டது என்று திரும்ப எடுத்தால், அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும்.

இப்போது திருமங்கலம், மேலூர் பக்கத்துப் பிள்ளைகள் எனக்கும் அனுப்புகிறார்கள். போன மாதம் ஒரு பெண் ரப்பரின் கடினத்தன்மையை அளப்பது பற்றிக் கேட்டிருந்தாள்: “அண்ணா, ஷோர் ஹார்ட்னஸ் எடுக்கும்போது மெல்லிய ஷீட்டை அடுக்கி வைக்கலாமா?” பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே பதில் எழுதினேன்.