பேஸ்பால் ரெஃபரன்ஸ் சைட்டோட டிராஃப்ட் பேஜ்: ஆஸ்ட்ரோஸ் டீம வச்சு ஒரு ரிவ்யூ

திருநெல்வேலில உக்காந்துக்கிட்டு அமெரிக்கா பேஸ்பால் சைட்டுக்கு ரிவ்யூ எழுதுதியேன்னு கேக்க ஆளுங்களுக்கு மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். நம்ம சங்கர் நகர் கிரவுண்டுல டிஎன்பிஎல் மேட்ச் பாத்துட்டு "இந்த வருசம் நெல்லை டீம்ல எடுத்த ஆளுங்க குடுத்த காசுக்கு தேறுவானுவளா"ன்னு டீக்கடையில மணிக்கணக்கா பேசுதோம்லா, அதே கேள்விக்கு 1965லேர்ந்து உள்ள மொத்த கணக்கையும் ஒரே எடத்துல போட்டு வச்சிருக்க பக்கம் இது, அதுவும் ஃப்ரீயா.

டிராஃப்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: வருசத்துக்கு ஒருக்க அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோல உள்ள ஸ்கூல் காலேஜ் பசங்கள மேஜர் லீக் (அங்க உள்ள பெரிய லீக்) டீமுங்க வரிசையா ஒவ்வொருத்தனா எடுப்பாங்க, அப்பிடி ஒருத்தன எடுக்கதுதான் பிக்கு (pick), கீழ கெடக்க டீமுக்கு முன்னாடி சான்ஸ். முன்னாடிலாம் 50 ரவுண்டு போகும், 2012லேர்ந்து 40, 2020 கொரோனா வருசத்துல அஞ்சே அஞ்சு, 2021லேர்ந்து 20. பேஜ்ல டீம் பேரையும் வருசத்தையும் குடுத்தா போதும், எந்த ரவுண்டு, மொத்தத்துல எத்தனாவது ஆளு, பந்து போடுற பிட்சரா ஃபீல்டுல நிக்க ஷார்ட்ஸ்டாப்பா, ஸ்கூல் பையனா காலேஜ் பையனா, சைன் பண்ணுனானா இல்லையா, பொறவு மேஜர் லீக்ல என்ன கிழிச்சான், எல்லாம் ஒரே வரியில வந்துரும். அதுல வார்னு (WAR) ஒரு நெடுக்குக் கட்டம் இருக்கும், ஒரு டீம் எப்ப வேணா ஈசியா கூட்டிட்டு வரக்கூடிய சாதாரண ஆளு ஆடுனத விட இவன் எத்தன வெற்றி கூட குடுத்தான்னு ஒரு கணக்கு. நம்ம கண்ணு நேரா போறது அந்த நம்பருக்குத்தான், அங்கதான் உசாரா இருக்கணும்.

நான் இந்த பேஜ்ல இப்பிடி முங்கிக் கெடக்கதுக்கு காரணம் ஹூஸ்டன்ல இருக்க எங்க அத்தான், ஆஸ்ட்ரோஸ் அந்த ஊரு டீம். அங்க ராத்திரி மேட்ச்னா நமக்கு விடியக்காலம் அஞ்சரை, மேட்ச் முடிஞ்ச ஒடனே வாய்ஸ் மெசேஜ் வந்துரும். "ஏ மாப்ள, மூணு வருசம் தொடர்ந்து மொத பிக்கு வாங்கியும் ஒழுங்கா எடுத்தது ஒருத்தனத்தான்ல"ம்பாரு. "அத்தான், நீங்க மொத பிக்க மட்டும் பாக்கிய, லிஸ்ட்ட கீழ வரைக்கும் பாருங்க"ன்னு நான் சொல்லுவேன். ரெண்டு பேர் சொல்லுததுக்கும் இந்த பேஜ்லதான் ஆதாரம் கெடக்கு, அதான் இதோட அருமை.

2009 லிஸ்ட்ட எடுத்துக்கோங்க. ஆஸ்ட்ரோஸோட மொத ஆளு 21வது பிக்கு, ஜியோவானி மியர், மேஜர் லீக் வரைக்கும் வரவே இல்ல. அதுக்கு நாலு எடம் தள்ளி 25வதா ஏஞ்சல்ஸ் டீம் எடுத்தது மைக் டிரவுட்ட, இந்தக் காலத்து பெரிய பிளேயர்ல ஒருத்தர்! இத பாத்தா வயிறு எரியும். ஆனா அப்பிடியே கீழ எறங்குங்க, 7வது ரவுண்டுல டாலஸ் கைக்கல், 2015ல சிறந்த பிட்சருக்கு குடுக்க சை யங் அவார்டு வாங்குனவரு. இன்னும் கீழ போனா 20வது ரவுண்டுல ஜேடி மார்ட்டினெஸ். இவரோட வார் நம்பர பாத்துட்டு ஆஹா என்னா பிக்குன்னு தோணும், ஆனா 2014 மார்ச்ல ஆஸ்ட்ரோஸே அவர வெளிய அனுப்பிட்டாங்க, அவரு டெட்ராய்ட் போயி அதே வருசம் 0.315 ஆவரேஜ்ல 23 ஹோம் ரன் அடிச்சாரு. நாம நட்ட தென்னையில பக்கத்து வீட்டுக்காரன் எளநி வெட்டுன கதைதான். பேஜ்ல வர்றது அவரோட மொத்த கேரியர் வார், எடுத்த டீமுக்கு எவ்வளவு கெடச்சதுன்னு அங்க பிரிச்சு வராது. அதனால லிஸ்ட்ட மொத்தமா கூட்டி "இந்த வருசம் 60 மார்க்கு"ன்னு போட்டா அது தப்புக் கணக்கு, ஒவ்வொருத்தன் பேரையும் அமுக்கி உள்ள போயி எந்த வருசம் எந்த டீமுக்கு ஆடுனான்னு பாத்து தனியா கூட்டணும்.

2010 இதுக்கு இன்னும் நல்ல உதாரணம். 8வது பிக்கு டிலைனோ டிஷீல்ட்ஸ் ஜூனியர், 19வது மைக் ஃபோல்டினெவிச். ரெண்டு பேருமே மேஜர் லீக் பிளேயர் ஆனாங்க, பேஜ்ல பாத்தா பரவால்லன்னு இருக்கும். ஆனா டிஷீல்ட்ஸ ரூல் 5 வழியா (மெயின் லிஸ்ட்ல வைக்காத ஆள இன்னொரு டீம் எடுத்துக்கிற முறை) டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் டீம் தூக்கிட்டான், ஃபோல்டினெவிச் டிரேடுல (டீமுங்க ஆள் மாத்திக்கிறது) அட்லாண்டா போயி 2018ல ஆல் ஸ்டார் ஆனாரு. ஹூஸ்டன் ரசிகனுக்கு இதுல கெடச்சது ரொம்ப கம்மி.

இன்னொரு விசயம், சைன் பண்ணாதவனும் லிஸ்ட்ல இருப்பான், அவன் கேரியர் வாரும் இருக்கும். போஸ்டன் 2012 லிஸ்ட்ல 29வது ரவுண்டுல அலெக்ஸ் பிரெக்மன் பேரு கெடக்கும், அவரு அப்போ சைன் பண்ணாம காலேஜ் போயிட்டாரு. மின்னசோட்டா 2008 லிஸ்ட்ல 48வது ரவுண்டுல ஜார்ஜ் ஸ்பிரிங்கரும் அப்பிடித்தான். சைன்டுங்கிற கட்டத்த பாக்காம கூட்டுனா போச்சு.

சரி, 2011லேர்ந்து 2013 வரைக்கும் ஆஸ்ட்ரோஸ் தோத்தது 106, 107, 111 மேட்ச். அவ்வளவு அடி வாங்குனதுக்கு கெடச்சதுதான் 2012, 13, 14 மூணு வருச மொத பிக்கு. இதுல 2012 லிஸ்ட்ட நான் எத்தன தடவ பாத்தாலும் சலிக்காது. அந்த வருசம்தான் சைன் பண்ணும்போது பசங்களுக்கு குடுக்க போனஸுக்கு மொத்தமா ஒரு லிமிட் வச்ச புது ரூல் வந்துச்சு, மொத பிக்குக்கு ஒதுக்குன தொகை 72 லட்சம் டாலர், கார்லோஸ் கொரேயா 48 லட்சத்துக்கு ஒத்துக்கிட்டாரு, மிச்சம் பிடிச்சதுலேர்ந்து 41வதா எடுத்த லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சம் குடுத்து அவன் காலேஜ் போகாம இழுத்துட்டாங்க. கொரேயா 2015ல ரூக்கி ஆஃப் தி இயர் (புது ஆளுங்கள்ல சிறந்தவன்), மெக்கல்லர்ஸ் 2017ல வேர்ல்டு சீரிஸுக்கு முந்தின சுத்துல யாங்கீஸ் கூட ஏழாவது மேட்ச்ல கடைசி 24 பந்தையும் கர்வ் பாலாவே போட்டு முடிச்சு வச்சாரு, அந்த வருசம்தான் ஆஸ்ட்ரோஸ் வேர்ல்டு சீரிஸ், அதாவது லீக் ஃபைனல், ஜெயிச்சது. ஒரு டிராஃப்ட எப்பிடி பிளான் பண்ணணும்கிறதுக்கு இதவிட பெரிய பாடம் வேண்டாம், ஆனா பேஜ்ல ரெண்டு வரியாத்தான் கெடக்கும், பின்னால உள்ள கதைய நாமதான் தேடிப் படிக்கணும்.

2013ல மார்க் அப்பேல், ஆஸ்ட்ரோஸுக்கு ஒரு மேட்ச் கூட ஆடல, டிரேடுல போயி, நடுவுல விளையாட்டையே விட்டுட்டு, 2022ல 30 வயசுல ஃபிலடெல்ஃபியாவுக்கு அறிமுகம் ஆனாரு (அந்த மனுசன் திரும்பி வந்ததுக்கு ஒரு சல்யூட்). அடுத்த பிக்குல வேற டீம் எடுத்தது கிரிஸ் பிரையன்ட்ட, 2016 எம்விபி (வருசத்தோட சிறந்த ஆட்டக்காரன்). 32வதா வேற டீம் எடுத்தது ஆரோன் ஜட்ஜ், பின்னாடி பெரிய ஸ்டார். அத்தான் பொலம்புறது நியாயம்தான். 2014ல பிராடி ஐக்கன், முழங்கை லிகமென்ட்ல சந்தேகம்னு பேசுன தொகைய கொறைக்கப் போயி டீலே முறிஞ்சு போச்சு. லிஸ்ட்ட பாத்தா அது சுத்தமா வீணா போன பிக்கு. ஆனா அதுக்கு ஈடா கெடச்ச 2015 ரெண்டாவது பிக்குலதான் பிரெக்மன எடுத்தாங்க, அதே வருசம் அஞ்சாவது கைல் டக்கர். அதனாலதான் சொல்லுதேன், ஒரு வருசத்த தனியா பாத்து மார்க் போடக்கூடாது, ஒரு ஏழெட்டு வருசத்த வரிசையா தெறந்து வச்சுக்கிட்டு பாத்தாத்தான் வெளங்கும். அப்பிடி பாத்தா என் கணக்குல 2009லேர்ந்து 2015 வரைக்கும் ஆஸ்ட்ரோஸ் டிராஃப்ட் ரொம்ப நல்ல டிராஃப்ட்தான், அத்தான் கோவிச்சாலும் சரி.

ஆஸ்ட்ரோஸ் ஸ்டார் அல்டூவே எங்கன்னு தேடாதீங்க, அவரு டிராஃப்ட்ல வரல, வெனிசுலாவுலேர்ந்து 15,000 டாலருக்கு சைன் பண்ணுன ஆளு. இன்னொரு ஸ்டார் யோர்டன் ஆல்வரெஸ் டிரேடுல வந்தவரு. டீம் ஜெயிச்சதுக்கு டிராஃப்ட் மட்டும் காரணம்னு இந்த பேஜ மட்டும் வச்சு முடிவு கட்ட முடியாது. அப்பொறம் 2020, 2021ல ஆஸ்ட்ரோஸோட வழக்கமான மொத ரெண்டு ரவுண்டு பிக்கு இருக்காது, எதிர் டீம் கேட்சர் பிட்சருக்கு காட்டுற சிக்னல திருடுன விவகாரத்துக்கு குடுத்த தண்டனை அது. இதுக்கெல்லாம் ஒரு சின்ன குறிப்பு அங்கனயே போட்டா புதுசா வர்றவனுக்கு எவ்வளவோ ஒதவியா இருக்கும்.

போன்ல பாக்கதுக்கு டேபிள் ரொம்ப அகலம், தள்ளித் தள்ளித்தான் பாக்கணும், லேப்டாப் இருந்தா நல்லது. அதே ஆளுங்களோட காசு கட்டித் தேடுற ஸ்டாட்ஹெட்னு ஒண்ணு இருக்கு, நம்ம சோலிக்கு ஃப்ரீ பேஜே தாராளம். 5க்கு 4 குடுப்பேன், டீம் வாரியா வார் பிரிச்சுக் காட்டுனா முழுசா குடுத்துருவேன்.

டிஎன்பிஎல்லுக்கும் இப்பிடி ஒண்ணு வேணும்னு எனக்கு ரொம்ப ஆசை. 2016ல டிராஃப்ட்டா ஆரம்பிச்சு 2023ல ஏலமா மாறுச்சு, அந்த ஏலத்துல நெல்லை டீம் சோனு யாதவுக்கு 15.2 லட்சம் குடுத்துச்சு, அந்த வருசமே ஃபைனல் நம்ம ஊர்லயே நடந்து கோவைகிட்ட 104 ரன்ல தோத்தோம். எந்த வருசம் எடுத்தவன் எந்த டீமுக்கு என்ன குடுத்தான்னு வரிசையா போட்டு வைக்க ஸ்கோர்கார்டு எல்லாம் இருக்கு, கம்ப்யூட்டர் படிச்ச பாளையங்கோட்டை பசங்க ரெண்டு பேரு உக்காந்தா ஆரம்பிச்சிரலாம், நான் டைப் அடிச்சுக் குடுக்க ரெடி.

புதுசா பாக்கவங்க ஆஸ்ட்ரோஸ் 2018, 2019 லிஸ்ட்லேர்ந்து தொடங்குங்க, 2018ல மூணாவது ரவுண்டு ஜெரமி பெஞ்யா 2022 வேர்ல்டு சீரிஸ் எம்விபி, 2019ல அஞ்சாவது ரவுண்டு ஹன்டர் பிரவுன். 2022க்கு பொறவு உள்ள லிஸ்ட்டுக்கு இப்பவே மார்க் போடாதீங்க, அந்த பசங்க நெறைய பேரு இன்னும் கீழ உள்ள மைனர் லீக்லதான் இருக்காங்க.