மியாட்டாவுக்கு வீட்டிலேயே டர்போ: கிட் வாங்குவதா, உதிரியாகச் சேர்ப்பதா, சூப்பர்சார்ஜரே போதுமா?

1989-இல் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா காட்டிய எம்.எக்ஸ்-5 காரை அமெரிக்காவில் மியாட்டா என்றுதான் சொல்வார்கள். ஒரு டன்னை ஒட்டிய எடை, பின்சக்கர இழுவை, 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைசக்தி. வளைவில் அந்த விலைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் மட்டும் பக்கத்தில் வருகிற குடும்பக் கார்கூட அலட்டாமல் முந்திப் போய்விடும். அதனால்தான் முப்பது வருடமாக இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: டர்போவா, சூப்பர்சார்ஜரா? இரண்டுமே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்குபவை; டர்போவை எக்ஸாஸ்ட் புகை சுழற்றும், சூப்பர்சார்ஜரை எஞ்சினின் பெல்ட் சுழற்றும்.

எதை எடுத்தாலும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதன்மேல் 8 பி.எஸ்.ஐ. பூஸ்ட், அதாவது கூடுதல் அழுத்தம், ஏற்றினால் மொத்தம் 22.7, அதாவது 1.54 மடங்கு காற்று. 116-ஐ 1.54-ஆல் பெருக்கினால் 179 வருகிறது. இது காகிதக் கணக்கு. காற்றை அமுக்கினால் சூடாகும், சூடான காற்று விரியும், அதில் ஒரு பங்கு கையைவிட்டுப் போகும். எவ்வளவு போகிறது என்பதில்தான் டர்போவும் சூப்பர்சார்ஜரும் பிரிகின்றன.

ஜாக்சன் ரேசிங் விற்ற சூப்பர்சார்ஜர் கிட்டில் ஈட்டன் கம்பெனியின் எம்45 இருந்தது. பெல்ட்டில் ஓடுவதால் ஆக்சிலரேட்டரைத் தொட்ட உடனே இழுவை கிடைக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் கைவைக்க வேண்டாம், எஞ்சினிலிருந்து எண்ணெய்க் குழாய் இழுக்க வேண்டாம். ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம். குறை வெப்பம்தான். வெளிக்காற்று 30 டிகிரி, பூஸ்ட் 8 பி.எஸ்.ஐ. என்று வையுங்கள். 70 சதவீதத் திறனுள்ள டர்போவிலிருந்து காற்று ஏறக்குறைய 87 டிகிரியில் வெளியே வரும். 55 சதவீதத் திறனுள்ள பழைய வகை சூப்பர்சார்ஜரில் அதுவே 100-ஐத் தாண்டும். டர்போவில் இடையில் காற்றைக் குளிர்விக்கும் ஒரு இன்டர்கூலரை மாட்டிச் சூட்டைப் பெருமளவு இறக்கிவிடலாம். எம்45 அமர்கிற இடத்தில் அதற்கு வழி செய்வது பெரிய வேலை. எனவே 6 பி.எஸ்.ஐ. பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் அது நல்ல பிள்ளை. அதற்கு மேல் கேட்டால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) வரும், பெல்ட்டும் வழுக்கும். இன்னொன்று: 1991 வரை வந்த ஆரம்பகால 1.6 எஞ்சின்களில் கிராங்க் தண்டில் பெல்ட் புல்லி மாட்டும் முனை குட்டை, புல்லி தளர்ந்து ஆட்டம் காணும் கோளாறுக்குப் பேர்போனவை. அந்த முனையிலேயே கூடுதலாக ஒரு பெல்ட் சுமையை ஏற்ற எனக்கு மனசு வராது.

ரோட்ரெக்ஸ் வகை சென்ட்ரிஃப்யூகல் சூப்பர்சார்ஜர் வேறு ஜாதி. பூஸ்ட் சுற்று வேகத்தோடு சேர்ந்துதான் ஏறும். கீழே அநேகமாக ஒன்றும் இருக்காது, மேலே போகப் போக இழுக்கும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை வளைப்பது குறைந்த சுற்றில் திடீரென்று எழும் டார்க் (முறுக்கு விசை) என்பதால், எஞ்சினுக்கு இது சாந்தமான வழி. ஊருக்குள் ஓட்டுகிறவருக்குச் சப்பென்று இருக்கும்.

டர்போவுக்கு வருவோம். கொலராடோவின் ஃப்ளையின் மியாட்டா பல வருடங்கள் விற்ற மாதிரியான முழு கிட் எடுத்தால் மேனிஃபோல்ட் (எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் குழாய்த்தொகுதி), டர்போ, டவுன்பைப், இன்டர்கூலர், குழாய்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அளவெடுத்து வரும். உதிரியாகச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் நிசான் சில்வியாவிலிருந்து கழற்றிய பழைய காரெட் டி25-ஐத் தேடுவார்கள். ஆன்லைனில் மலிவாக ஒரு வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட், ஏதோ ஒரு இன்டர்கூலர். பட்டியல் போட்டால் கிட் விலையில் பாதிகூட வராது. பட்டியலில் வராதது டவுன்பைப். டர்போவின் வாயிலிருந்து கீழே எக்ஸாஸ்ட் வரை உள்ள அந்தக் குறுகிய இடத்தில் குழாயை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைக்க வேண்டும். டிக் வெல்டிங் உங்களுக்கே கைவருமானால் உதிரிதான் லாபம். வெளியே கொடுத்துச் செய்வதானால் மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துவிடும்.

எண்ணெய் திரும்பும் வழியை யாரும் சரியாக யோசிப்பதில்லை. டர்போவுக்குள் எண்ணெய் அழுத்தத்தோடு போகிறது, வெளியே வரும்போது தன் எடையில்தான் இறங்குகிறது. அந்த ஹோஸ் தடிமனாக, வழியில் எங்கும் தொய்வில்லாமல், எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். கொஞ்சம் தேங்கினாலும் சீல் வழியே கசிந்து எக்ஸாஸ்டில் நீலப் புகை வரும், டர்போ போய்விட்டது என்று அநியாயமாகப் பழி விழும். மியாட்டாவில் சம்பைக் கழற்றுவது பெரும்பாடு என்பதால் எல்லோரும் காரிலேயே வைத்து அந்த ஹோஸுக்குத் துளை போடுகிறார்கள். டிரில் முனையிலும் மரை வெட்டும் டேப்பிலும் கிரீஸை அப்பிக்கொண்டு, கால் சுற்று போனதும் வெளியே எடுத்து, சீவலைத் துடைத்துவிட்டு, மறுபடி கிரீஸ். மரை வெட்டி முடிந்ததும் டிரெய்ன் நட்டைத் திறந்து வைத்து மலிவான எண்ணெயை ஊற்றி அலசிவிட வேண்டும். அலுப்பான ஒரு மணி நேரம். இதில் அவசரப்படுகிறவர் பேரிங்கில் விலை கொடுப்பார்.

அதோடு, வாங்குவது பால் பேரிங் டர்போவானால் எண்ணெய் உள்ளே போகும் இடத்தில் சிறு துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வேண்டும். எண்ணெய்ப் படலத்தில் சுழலும் பழைய ஜர்னல் பேரிங் வகைக்கு அது கூடாது. கிட்டில் இந்தத் தலைவலி இல்லை.

இனி பெட்ரோல். பழைய 1.6-இல் காற்றை அளப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு தகடு. அது முழுக்கத் திறந்துவிட்டால் அதற்கு மேல் வரும் காற்று எஞ்சினை நடத்தும் கணினியான ஈ.சி.யூ.வுக்குத் தெரியாது. 90-களின் கிட்கள் பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தையும் தூக்கிவிடும் ரெகுலேட்டரை வைத்துச் சமாளித்தன. இன்று அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. 200 குதிரைசக்தி இலக்கு என்று வையுங்கள். குதிரைசக்திக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல், மொத்தம் 120. நாலு சிலிண்டருக்குப் பிரித்தால் 30. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் விரட்டக்கூடாது என்றால் 37.5 பவுண்டு, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 390 சி.சி. காரோடு வந்த இன்ஜெக்டர் இதில் பாதியை ஒட்டித்தான். ஆக இன்ஜெக்டரை மாற்றியே ஆக வேண்டும், மாற்றினால் மெகாஸ்குவர்ட் போல நாமே டியூன் செய்யக்கூடிய ஒரு ஈ.சி.யூ. வேண்டும், அதற்கு எக்ஸாஸ்டில் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சர் வேண்டும். பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5-க்கும் 12-க்கும் நடுவில் நிற்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் ஆக்சிலரேட்டரை மிதிப்பது வீம்பு.

என்னைக் கேட்டால், ஈ.சி.யூ.வையும் வைட்பேண்டையும் முதலில் வாங்கி, டர்போ இல்லாமலே மாட்டி, குளிரில் ஸ்டார்ட் ஆவது, ஐடில், ஏ.சி. போட்டால் திணறாமல் நிற்பது எல்லாவற்றையும் சரிசெய்து சில மாதம் ஓட்டிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டினால், கார் இருமும்போது கோளாறு வயரிலா, பூஸ்ட் ஹோஸிலா, டியூனிலா என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். டர்போ எந்தக் கம்பெனி என்பது இதற்குப் பிறகு வரும் சங்கதி.

மாஸ்டாவே செய்து கொடுத்தது ஒன்றும் உண்டு: 2004-05-இல் வந்த மாஸ்டாஸ்பீட் எம்.எக்ஸ்-5. 1.8 லிட்டர், ஐ.எச்.ஐ. டர்போ, 178 குதிரைசக்தி, ஆறு கியர். ஸ்பேனர் பிடிப்பதில் ஆசை இல்லாதவர் அதைத் தேடி வாங்கிவிட்டுப் போகலாம்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குச் சட்டமே பாதியை முடிவு செய்துவிடுகிறது. 1976 மாடலிலிருந்து வந்த பெட்ரோல் கார்களுக்கு அங்கே புகைப் பரிசோதனை உண்டு. இப்படிப்பட்ட உதிரிக்கு மாநிலக் காற்று வாரியத்தின் விலக்கு உத்தரவு எண் இருக்க வேண்டும். கைக்குக் கிடைத்ததைச் சேர்த்துக் கட்டிய டர்போவுக்கு அந்த எண் வராது. அங்கே எண்ணோடு விற்கும் கிட் கிடைத்தால் அதை எடுங்கள், இல்லையா, மாஸ்டாஸ்பீட்.

மற்ற மாநிலங்களில் என் ஓட்டு டர்போவுக்கு. வெல்டிங் தெரிந்தவர் உதிரியாகச் சேர்க்கட்டும், தெரியாதவர் கிட். ஆனால் எதிலும் மேனிஃபோல்டோடு டர்போவைப் பிடிக்கும் ஸ்டட்களில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதா ஸ்டட் அந்தச் சூட்டில் நீண்டு, நட் தளர்ந்து, கேஸ்கெட்டை ஊதிவிடும். டிராக்கில் ஓட்டுகிறவர்கள் சூட்டைத் தாங்கும் இன்கோனெல் உலோக ஸ்டட்டுக்குக் காசு கொடுப்பது இதனால்தான். பூஸ்டை 8-இல் நிறுத்துங்கள். சக்கரத்தில் 200 குதிரைசக்தியைத் தாண்டினால் கனெக்டிங் ராடு, ஐந்து கியர் பெட்டி எல்லாம் வரிசையாகக் கவலைக்கு வரும். 1993 வரையிலான 1.6-இல் பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் சிறியது, அதற்கு முன்பே கையை விரித்துவிடலாம். 1994-இலிருந்து வந்த 1.8-இன் பெரிய டிஃபரன்ஷியலைப் பழைய கார் உடைக்கும் யார்டில் தேடி எடுத்து, டர்போ மாட்டுவதற்கு முன்னாலேயே கராஜில் போட்டுவையுங்கள். கிளட்சும் கூடவே.