மொட்டை மாடிக்குக் கீழே ஒன்றரை டன்: சில கோடைகளுக்குப் பிறகு

சென்னையில் எங்கள் வீட்டில் கீழ் அறையில் ஒரு டன் ஏசி, அதற்கு நேர் மேலே மாடி அறையில் ஒன்றரை டன். இரண்டுமே பன்னிரண்டுக்குப் பத்து அறைகள்தான். 120 சதுர அடிக்கு ஒரு டன் என்று கடையில் சொல்லும் கணக்கு கீழே சரியாக வருகிறது. மேலே வராது, ஏனென்றால் அந்தக் கணக்கில் மொட்டை மாடியே கிடையாது.

ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ., அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும் திறன். ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுவார். ஆனால் மாடி அறையில் ஆட்களைவிடப் பெரிய சுமை கான்கிரீட் தளம்தான். பகலெல்லாம் குடித்த வெயிலை அது இருட்டிய பிறகுதான் கீழே இறக்கும். மே மாதத்தில் எங்கள் ஏசி அதிகம் திணறுவது மத்தியானத்தில் அல்ல, படுக்கப்போகும் நேரத்தில்.

அப்புறம் மாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை கூலிங் பெயிண்ட் அடித்தோம். அதன்பிறகு 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் போட்டால் கம்ப்ரஸர் சீக்கிரமே வேகம் குறைத்துவிடுகிறது. புதிதாக வாங்குபவர்கள் முதலில் மாடியைக் கவனித்துவிட்டு டன் பேசுங்கள்.

'எதற்கும் பெரிசாவே போட்டுடுங்க' என்பதை மட்டும் கேட்காதீர்கள். உறவினர் வீட்டுச் சின்னப் படுக்கையறையில் இரண்டு டன், அதுவும் இன்வெர்ட்டர் (தேவைக்கேற்ப கம்ப்ரஸர் வேகத்தை மாற்றும் வகை) இல்லாதது. சட்டென்று குளிர்ந்து கட் ஆகிவிடும். காற்றின் ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. சில்லென்று இருக்கும், ஆனால் போர்வை பிசுபிசுக்கும். கடற்கரை ஊரில் பாதி அவஸ்தையே ஈரம்தானே. இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கும், ஆனால் ஓர் அளவுக்குக் கீழே அதனாலும் குறைக்க முடியாது.

'ஹாட் அண்ட் கோல்ட்' மாடலையும் காட்டினார்கள். ஊட்டி, கொடைக்கானல் என்றால் யோசிக்கலாம். சென்னை மார்கழிக்கு ஒரு போர்வை போதும்.

வெளி யூனிட்டை மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். சாயங்கால வெயில் நேராக அடித்தால், வாங்கிய டன் முழுதாகக் கிடைக்காது. எங்களுடையது வடக்குச் சுவரில் இருக்கிறது. உப்புக்காற்றில் ஸ்டாண்ட் துருப்பிடிப்பதைத் தவிர வேறு தொல்லை இல்லை.